மூன்றாம் பக்கத்தின் பின்புறம்

2024 செப்டெம்பர் 17, செவ்வாய்க்கிழமை, காலை 7.20. மியூனிக் மத்திய ரயில் நிலையம். வெப்பநிலை பதினொரு பாகை. சில நாட்களாகப் பெய்த மழை விட்டிருந்தாலும் வானம் வெளுக்கவில்லை. ரயில் 7.55க்கு. முப்பத்தைந்து நிமிடம் முன்னதாக வந்து நிற்பது அதிகம் என்று, காரில் கொண்டுவந்து இறக்கிவிட்ட மருமகன் சொன்னார். ரயிலைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பேர்லினுக்குச் சீட்டு 39 யூரோ 99 சதம். ஆசனத்தைப் பதிவதற்கு வேறாக 4 யூரோ 90. சீட்டை வாங்கியவனுக்கு ஆசனத்தைத் தனியாக விற்கும் வழக்கம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நிற்க முடியாத வயதில் கேள்வி கேட்க முடியாது, கொடுத்தேன். நிலையத்துக் கடையில் இரண்டு ஜெர்மன் தினசரிகள் வாங்கினேன். அகலமானது 3 யூரோ 90, படங்கள் நிறைந்த சிறியது 1 யூரோ 40. எனக்கு ஜெர்மன் மொழி தெரியாது. ஆனால் பத்திரிகையை அறிய மொழி தெரிந்திருக்கவேண்டியதில்லை என்று அன்று காலை வரை நம்பியிருந்தேன்.

பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலுமாக முப்பத்தேழு வருடம் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் தேர்தல் கண்காணிப்பாளர்களுக்காகப் பத்திரிகைகளை அளந்து கொடுத்திருக்கிறேன். எந்த வேட்பாளருக்கு எத்தனை நிரல் சென்ரிமீற்றர் இடம் கிடைத்தது என்பதே கணக்கு. பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு நிரலின் அகலத்தில் ஒரு சென்ரிமீற்றர் உயரம், அதுதான் ஓர் அலகு. தலைப்பு சேர்த்தி, படம் சேர்த்தி, காசு கொடுத்த விளம்பரம் மட்டும் நீக்கம். ஆடி மாதம் மகளைப் பார்க்க மியூனிக்குக்கு வந்தேன். வந்த பிறகு ஊரில் தேர்தல் அறிவித்தார்கள். வருகிற சனிக்கிழமை வாக்களிப்பு. என் வாக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கிடக்க, நான் இங்கே கிடக்கிறேன் என்று புழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் சிவகுருவின் தொலைபேசி வந்தது.

சிவகுருவும் நானும் ஒரே மேசையில் எட்டு வருடம் இருந்தவர்கள். எண்பத்தைந்தில் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்குப் பக்கம் கடந்தவர். உணவகங்களின் சமையற்கட்டிலும் அலுவலகத் துப்புரவிலும் காலம் கழித்து ஓய்வு பெற்றார். இருபத்திரண்டு வருடமாக ஓர் இலவச மாதப் பத்திரிகை நடத்துகிறார். பதினாறு பக்கம், ஆயிரத்து இருநூறு பிரதி. தமிழ்க் கடைகளில் வைப்பார்கள், விளம்பரக் காசில் அச்சாகும்.

"குலம் தன்ர ரண்டு கடையிலயும் பேப்பர் வைக்கேலாது எண்டு போட்டான்," என்றார் தொலைபேசியில். "செப்டெம்பர்ப் பேப்பர்க் கட்டு, கட்டுப் பிரிக்காமல் கடைக்குப் பின்னால கடதாசித் தொட்டிக்குள்ள கிடந்தது. நான் ஒரு வேட்பாளரின்ர பக்கம் சாயிறன் எண்டு அவனுக்குக் கோவம். ஐந்நூறு பிரதி அவன்ர கடையிலதான் போறது. அது இல்லையெண்டா விளம்பரக்காரர் நிப்பினமோ? இந்தத் தேர்தல் சிறப்பிதழோட மூடவேண்டியதுதான். நீர் வந்து அளந்து ஒரு கணக்குத் தாரும். முதற்பக்கத்தில பெட்டி கட்டிப் போடுறன்."

வியாழன் மாலை ஆறு மணிக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகவேண்டும். ஆகவே செவ்வாய் ரயில்.

காலை 9.10. நூரன்பேர்க்கைக் கடந்துவிட்டோம். வெளியே சோளம் வெட்டிய வயல்கள், காற்றாலைகள். முன்பலகையைத் தாழ்த்தி அகலமான பத்திரிகையை விரித்து, பையிலிருந்த முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டத்தை எடுத்தேன். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நெருங்குகிறது, மூன்றாம் பக்கம் முழுவதும் அதுவே. அளந்ததில் ஒருவருக்கு 94, மற்றவருக்கு 31. முதலாமவரின் 94இல் பாதி அவருடைய படம்.

பக்கத்து ஆசனத்து இளைஞர் கணினியை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலை, பெயர் பிரவீன்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. என்ன பண்றீங்க?"

"அளக்கிறன் தம்பி."

"ஜெர்மன் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாம எப்படிப் படிக்கிறீங்க?"

"வாசிக்கேல்ல. அளக்கிறன் எண்டு சொன்னன்தானே. இந்தப் பேப்பர் இந்த ஆளுக்கு ஆதரவு. மும்மடங்கு இடம் குடுத்திருக்கினம்."

பிரவீன் பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பி நாலைந்து பந்தி வாசித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அங்கிள், இது பூரா அந்தாளைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்காங்க. பாராவுக்குப் பாரா. அந்தச் சின்ன பீஸ் இருக்கு பாருங்க, அதுதான் பாராட்டு."

எங்கள் அளவுத் தாளில் சாதகம், பாதகம் என்று இரண்டு கட்டம் உண்டுதான். அவற்றை நிரப்ப மொழி வேண்டும். நான் அடிமட்டத்தைப் பைக்குள் வைத்தேன். பிரவீனுக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும், பேச்சை மாற்றினார்.

"இந்த ஊர்லயும் பிரசிடென்ட் எலக்‌ஷன் உண்டு அங்கிள். ஆனா பிரச்சாரம்னு ஒண்ணும் கிடையாது. எம்.பி.ங்களும், ஸ்டேட்ஸ்ல இருந்து அதே எண்ணிக்கைல ஆளுங்களும் ஒரு நாள் கூடுவாங்க. விவாதமே இல்லாம ஓட்டுப் போட்டுட்டுப் போயிடுவாங்க."

"அப்ப பேப்பர்க்காரர் என்னத்தை எழுதுறது?"

"ரிசல்ட்டை எழுதுவாங்க."

ஒரு துணை ஆசிரியருக்கு அது சொர்க்கமா நரகமா என்று எர்ஃபுர்ட் வரும்வரை யோசித்தேன். பிரவீன் அங்கே இறங்கினார். இறங்கும்போது என் பெட்டியை மேலேயிருந்து எடுத்துக் காலடியில் வைத்துவிட்டுப் போனார். கேட்காமல் செய்தார்.

ரயில் பிந்தும் என்று பத்துப் பேர் பயமுறுத்தியதால் இரண்டு வேளைக்கு இடியப்பம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். 11.57க்குப் பேர்லினில் நின்றது. நான்கு மணியும் இரண்டு நிமிடமும். ஒரு நிமிடமும் பிந்தவில்லை. இடியப்பம் வீண்.

மேடையில் சிவகுருவின் மகள் தர்ஷினி நின்றாள். பேர்லினிலேயே பிறந்தவள், முப்பத்திரண்டு வயது. பகலில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளர். மாலையில் தகப்பனின் பத்திரிகைக்குப் பக்கம் கட்டுகிறாள்.

"வாங்கோ மாமா. அப்பா வரேல்ல. தலையங்கம் எழுதுறார். செவ்வாய்க்கிழமை தொடங்கினவர்."

"இண்டைக்குத்தானே செவ்வாய்?"

"போன செவ்வாய்."

நிலக்கீழ் ரயிலுக்கு ஒரு வழிச் சீட்டு 3 யூரோ 50. அலெக்ஸாண்டர் சதுக்கத்தில் மாறி, நொய்கெல்ன் பகுதியின் ஹெர்மான் வீதி நிலையத்தில் படியேறி வெளியே வந்தோம். துருக்கி வெதுப்பகம், அரபு இனிப்புக் கடை, கைத்தொலைபேசி திருத்தும் கடைகள், நடுவில் ஒரு தமிழ்க் கடை. கண்ணாடியில் நாட்டியப் பள்ளி அறிவித்தலும் முருகன் கோயில் திருவிழா அறிவித்தலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. நான் 6 யூரோ 20க்கு ஆப்பிளும் திராட்சையும் வாங்கினேன். வெறுங்கையோடு போகமுடியுமா?

சிவகுரு மெலிந்திருந்தார். கட்டிப்பிடித்துவிட்டு உடனேயே கேட்டார்: "அடிமட்டம் கொண்டுவந்தனீரோ?"

18, புதன்கிழமை. காலை எட்டரைக்கு மேசையில் உட்கார்ந்தேன். ஓகஸ்ட் இதழ், செப்டெம்பர் இதழ், இரண்டையும் வரிக்கு வரி அளந்தேன். இம்முறை மொழி தெரியும் என்பதால் சாதகம் பாதகமும் பார்த்தேன். ஊரில் அதிகம் பேசப்படும் நான்கு வேட்பாளர்களுக்கும் முறையே 214, 211, 216, 213. வைதது அளந்து வைதது, புகழ்ந்தது அளந்து புகழ்ந்தது. நான் அளந்த எந்தப் பத்திரிகையிலும் இப்படி ஒரு நேர்த்தியைக் கண்டதில்லை. சொன்னபோது சிவகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்க உள்ள சனத்துக்கு அந்தத் தேர்தலில வாக்கே இல்லை," என்றேன். "ஊரிலயும் இண்டைக்கு நள்ளிரவோட பிரசாரம் முடியுது. வெள்ளிக்கிழமை வாற உம்மட பேப்பரால ஒரு வாக்கும் கூடாது, குறையாது. ஏன் இவ்வளவு மினக்கெடுறீர்?"

"வாக்கில்லாத சனத்துக்குத்தான் பேப்பர் வேணும்," என்றார். "வாக்கிருக்கிறவன் வாக்கைப் போட்டு ஆறுவான். இவை எதைப் போட்டு ஆறுறது?"

பிற்பகல் மூன்றுக்கு அளவுத் தாளோடு குலத்தின் கடைக்கு நடந்தோம். ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. குலம் ஐம்பது வயதுக்காரர், பருத்த உடல். பெட்டியிலிருந்து பாகற்காயைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அடுக்குவதை நிறுத்தவில்லை. நான் தாளை நீட்டி விளக்கினேன். 214, 211, 216, 213.

"அண்ணை, நீங்கள் ஊரில இருந்து வந்த பெரிய மனுசர், உங்களுக்கு மரியாதை," என்றார் குலம். "ஆனா எனக்கு ஆர் ஜனாதிபதியா வந்தா என்ன? எனக்கு முருங்கைக்காய் வியாழக்கிழமை வந்தாச் சரி."

"அப்ப ஏன் தொட்டிக்குள்ள எறிஞ்சனி?" என்று சிவகுரு பாய்ந்தார். "நீ மற்ற ஆளின்ர ஆள் எண்டு எனக்குத் தெரியாதோ?"

"பாருங்கோ அண்ணை. இதைத்தான் போனிலயும் கத்தினவர். என்னை ஒரு சொல்லுச் சொல்ல விட்டாரோ? 'நீ அவன்ர ஆள், நீ அவன்ர ஆள்.' நான் ஆற்றையும் ஆள் இல்லை. நான் என்ர அக்கான்ர ஆள்." பாகற்காயைக் கீழே வைத்தார். "புவனம் அக்காட்டப் போங்கோ. உந்த அளவுகோலையும் கொண்டுபோங்கோ. அவ அளந்து காட்டுவா."

மறுபடி பாகற்காயை அடுக்கத் தொடங்கினார். வீடு திரும்பும் வழியெல்லாம் சிவகுரு முணுமுணுத்தார். புவனேஸ்வரி என்ற அந்த அம்மாவை அவருக்குத் தெரியும். மகன் பிரசாத் பேருந்து ஓட்டுநராக இருந்து, மூன்று வருடத்துக்கு முன் நோயில் இறந்தவர். செப்டெம்பர் இதழில் மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி போட்டிருந்தார்கள். "காசு கூட வாங்கேல்ல," என்றார். "எழுத்துப் பிழையும் இல்லை. மூண்டு தரம் பார்த்தனான்."

19, வியாழக்கிழமை. காலை பத்துக்கு நானும் சிவகுருவும் வடக்கே ஓஸ்லோ வீதிக்குப் போனோம். மாறவேண்டியதில்லை, ஒரே ரயில், 28 நிமிடம். அவரிடம் மாதச் சீட்டு இருந்தது. எனக்குப் போக 3.50, வர 3.50. மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, திரும்பிவிடுவோம் என்று சிவகுரு சொன்னார். நான் கேட்கவில்லை.

கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். சிவகுருவைக் கண்டு முகம் இறுகியது. என்னைக் கண்டு இளகியது. ஊரிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"உள்ளுக்க வாங்கோ அண்ணை. செருப்போட வந்தாலும் பரவாயில்லை, நிலம் குளிர்."

சிறிய கூடம். சன்னலோரத்தில் சாமித் தட்டு, படங்கள், மின்விளக்கு ஒன்று. பிள்ளையாருக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டிய நினைவஞ்சலி. இரண்டு நிரல் அகலம், பதினைந்து சென்ரிமீற்றர் உயரம், பார்த்ததும் தெரிந்தது. சிரித்த முகத்தோடு ஓர் இளைஞர். எங்கள் சனம் இப்படி வெட்டி வைப்பது எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்திலும் ஆயிரம் வீட்டில் கண்டிருக்கிறேன்.

அம்மா விளக்கின் ஆளியைத் தட்டினார். விளக்கு சட்டத்துக்குப் பின்னால் இருந்தது.

பத்திரிகைத் தாள் மெல்லியது. வெளிச்சம் வந்ததும் பிரசாத்தின் முகத்துக்குள் இன்னொரு முகம் எழுந்தது. நெற்றியில் அந்த முகத்தின் வாய், கன்னத்தில் ஒரு கை, மேலே உயர்த்தி அசைத்தபடி. இரண்டும் சேர்ந்து மூன்றாவது ஆளாக எங்களைப் பார்த்தன. வேட்பாளர் ஒருவரின் கூட்டப் படம் அது. மூன்றாம் பக்கத்தின் வலது மேல் மூலை. தாளைத் திருப்பினால் நான்காம் பக்கத்தின் இடது மேல் மூலை அதே இடந்தான்.

"ஆர் அந்த ஆள் எண்டு எனக்குத் தெரியாது," என்றார் புவனம் அம்மா. "ஆரெண்டாலும் எனக்கென்ன? என்ர பிள்ளைக்குப் பின்னால நிண்டு ஏன் சிரிக்கிறான்?"

சிவகுரு வாய் திறந்தார். "அக்கா, அந்தப் பக்கத்தில நாலு பேருக்கும் சமமாத்தான்..." என்று தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டார்.

"நான் வேற படம் வைக்கலாம். வீட்டில இருக்கு. ஆனா பேப்பரில வந்தது எண்டா நாலு பேர் பார்த்தது எல்லே? அதுதான் வெட்டி வைச்சனான். லைற்றைப் போட்ட உடன நான் குழறிப்போட்டன். தம்பி வந்து பார்த்திட்டு நேர கடைக்குப் போனவன்."

நான் சட்டத்தை வாங்கி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். திருப்பியும் பார்த்தேன். பிறகு அடிமட்டத்தை எடுத்தேன். எடுத்தது எதற்கென்று அப்போது எனக்கே தெரியவில்லை. அளந்தேன்: பின்னால் முப்பது நிரல் சென்ரிமீற்றர். முதலாமவரின் 214ல் முப்பது.

பகல் ஒரு மணி. அச்சகத்துக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. தர்ஷினி அரைநாள் விடுமுறை எடுத்து வந்திருந்தாள். தேர்தல் இதழின் மூன்றாம் பக்கத்தைத் திரையில் காட்டினாள். மேலே ஒரே வரிசையில் நான்கு வேட்பாளர்களின் முகங்கள், சம அளவில். பின்னால் நான்காம் பக்கம், வழக்கம்போல மரண அறிவித்தலும் நினைவஞ்சலியும். ஆறு முகங்கள்.

"மறுபடியும் அதேதான்," என்றேன். "பிரசாத்தின்ரையைத் திரும்பப் போடவேணும், அதே மூலையில. பின்னால ஒண்டும் இருக்கப்படாது."

"ஒண்டும் எண்டா?" என்றார் சிவகுரு.

"வெள்ளை."

"வெள்ளையோ! சபாரத்தினம், நீரோ சொல்லுறீர்? ஒரு விரல் அகலம் வெள்ளை விட்டதுக்கு அச்சுக்கோப்பாளரோட சண்டை பிடிச்ச ஆள் நீர்."

"ஓம். நான்தான்."

"மற்ற ஆறு பேர்? அவையளுக்குப் பின்னாலயும் வெள்ளை விட்டா மூண்டாம் பக்கமே இல்லை. பிறகு என்னத்துக்குத் தேர்தல் இதழ்? ரண்டு மாதம் எழுதினது, சபா. இருபத்திரண்டு வருசத்தில நான் செய்த ஒழுங்கான வேலை இது ஒண்டுதான்."

தர்ஷினி தகப்பனைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அப்பா, வெள்ளைக்குப் பதிலா ஒரு நகை விளம்பரத்தைப் பின்னால போடலாம் எண்டு நினைச்சன். ஆனா அதுவும் வேண்டாம். அம்மான்ர அறிவித்தல் வந்தபோது பின்னால என்ன இருந்தது எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"இல்லை."

"எனக்கு இருக்கு. வெட்டின நான்தானே. மீன் விலை. பாறை மீன் கிலோ எட்டு யூரோ."

சிவகுரு கதிரையில் உட்கார்ந்தார். மனைவி இறந்து ஆறு வருடம். கீழே பேருந்து நின்று கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது.

பிறகு அவரே பென்சிலை எடுத்தார். பழைய சிவகுருவைப் பார்த்தேன். பக்கத்தைத் தாளில் கீறி, பின்பக்கத்து முகங்கள் வரும் இடங்களை எல்லாம் குறுக்கே வெட்டினார். "முகத்துக்குப் பின்னால முகம் வரப்படாது. ஆறு பேருக்குப் பின்னாலயும் சின்ன எழுத்து மட்டும், கறுப்புத் தலைப்பும் இல்லை. பிரசாத்துக்குப் பின்னால வெள்ளை. வேட்பாளர் நாலு பேரும் கீழ வரட்டும்."

"கீழ பின்னால என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

தர்ஷினி பார்த்தாள். "குலம் மாமான்ர கடை விளம்பரம், வருசக் காசு முன்னமே கட்டினது. மீன் விலை."

முதலில் சிரித்தது சிவகுருதான். "நல்லது. அங்க நிக்கட்டும் நாலு பேரும். சமமா."

வேட்பாளர்களைக் கீழே இறக்கியதால் அங்கிருந்த கார் ஓட்டப் பழக்கும் பள்ளியின் விளம்பரத்துக்கு இடமில்லாமல் போனது. முப்பது நிரல் சென்ரிமீற்றர், சென்ரிமீற்றருக்கு இரண்டு யூரோ. அந்தக் காசு இல்லாமல் அச்சுக் கூலி கட்ட முடியாது என்று தர்ஷினி மெதுவாகச் சொன்னாள். சிவகுரு சட்டைப்பையைத் தொட்டார். அந்த விளம்பரம் அடுத்த மாதத்துக்கு நிற்கட்டும், பிரசாத்துக்குப் பின்னால் உள்ள முப்பதை நான் வாங்குகிறேன் என்றேன்.

"என்ன போடுறது, மாமா?" என்றாள் தர்ஷினி.

"ஒண்டும் போடாதை பிள்ளை."

முதற்பக்கத்தில் கட்டவிருந்த கணக்குப் பெட்டியையும் எடுத்துவிட்டோம். 5.48க்குப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போயின.

20, வெள்ளிக்கிழமை. காலை பத்தே காலுக்கு வாகனம் கட்டுகளை இறக்கியது. நல்ல வெயில், பத்தொன்பது பாகை. எனக்கு மாலை நான்கு மணி ரயில். பெட்டியையும் ஒரு பிரதியையும் எடுத்துக்கொண்டு, மீண்டும் 3.50 கொடுத்து, புவனம் அம்மா வீட்டுக்குத் தனியாகப் போனேன். சிவகுரு வரவில்லை. தான் வந்தால் அம்மா மரியாதைக்காகச் சரி என்று சொல்லிவிடுவார் என்றார்.

அம்மா பத்திரிகையை மேசையில் விரித்து, நான்காம் பக்கத்தை எடுத்து, அந்தத் தாளைச் சன்னலுக்கு உயர்த்தினார். வெயில் நேராக விழுந்தது. பிரசாத் மட்டும் இருந்தார். அம்மா கை சோரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, கோட்டுக்குச் சற்று வெளியே, மெதுவாக வெட்டினார். பழையதைச் சட்டத்திலிருந்து கழற்றிப் புதியதை வைத்தார். விளக்கைப் போட்டார். அணைத்தார். மறுபடி போட்டார். அதை அப்படியே எரிய விட்டுவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார்.

தேநீரோடு வந்து, மூலையில் ஓட்டை விழுந்த தாளைத் திருப்பி மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார். கீழே நால்வரும் வரிசையில் நின்றார்கள்.

"இவையள்தானோ தேர்தல் கேட்கினம்?"

"ஓம். இன்னும் கன பேர் கேட்கினம். இவையள் முக்கியமானவை."

"எழுத்துச் சின்னனாக் கிடக்கு. கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஆர் அண்ணை வெல்லுவார்?"

"அது நாங்கள் சொல்லப்படாது. நாளைக்குத்தான் வாக்கு."

"சரி, ஆர் என்ன சொல்லுகினம் எண்டாவது சொல்லுங்கோ."

சொன்னேன். முதலாமவரைப் பற்றி, இரண்டாமவரைப் பற்றி, மூன்றாமவரை, நான்காமவரை. ஒருவருக்கும் கூடாமல் குறையாமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அம்மா இரண்டு தடவை குறுக்கிட்டு, அரிசி விலையைப் பற்றி யாராவது சொன்னார்களா என்று கேட்டார். நால்வரும் சொல்லியிருந்தார்கள். தேநீர் ஆறிப்போயிற்று.

"உங்களுக்கு வாக்கு இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு. கொக்குவிலில."

"நீங்கள் இஞ்ச நிக்கிறியள்."

"ஓம்."

தலையை ஆட்டினார். பிறகு தொலைபேசியை எடுத்துத் தம்பியை அழைத்தார். "குலம், சிவகுரு அண்ணை பேப்பர் கொண்டுவருவார், கடையில வை. ஓம், ரண்டு கடையிலயும். இல்லை, வந்து பார், வடிவா இருக்கு. எனக்கும் ஒண்டு கொண்டுவா. என்ரையில ஓட்டை. இந்த அண்ணை நல்ல மனுசன், ஆனா ஒரு மணித்தியாலம் கதைச்சும் ஆர் வெல்லுவினம் எண்டு சொல்லுறார் இல்லை."

வாசல் வரை வந்து, படியில் பார்த்து இறங்கச் சொன்னார். நான்கு மணி ரயிலில் என் ஆசனம் சன்னலோரம். எல்பே ஆற்றைக் கடக்கும்போது தர்ஷினியிடமிருந்து படம் ஒன்று வந்தது: குலத்தின் கடை வாசல், பாகற்காய்த் தட்டுக்குப் பக்கத்தில் பத்திரிகைக் கட்டு, பிரித்தபடி. கொக்குவிலில் என்றால் இந்நேரம் வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடத்தில் வாக்குப்பெட்டியை இறக்கியிருப்பார்கள். நாளை வரிசையில் நிற்கும் சனத்தில் ஒருவர் குறைவு. அதைப் பற்றி இரண்டு மாதமாக மகளிடம் முறைப்பட்டேன். ரயிலில் முறைப்பட யாரும் இல்லை, முறைப்படவும் தோன்றவில்லை.

செலவு: போன ரயில் 44.89, வந்த ரயில் 39.89, பத்திரிகைகள் 5.30, பேர்லின் நகரச் சீட்டுகள் ஐந்து 17.50, பழம் 6.20. ஒன்றும் அச்சிடாமல் விட்ட முப்பது நிரல் சென்ரிமீற்றருக்கு 60. மொத்தம் 173 யூரோ 78 சதம்.